பழைய வண்டிக்குப் பெரிய ஆல்டர்நேட்டர்: உப்புக்காற்றுக்குத் தாங்குகிற ஒயரிங்

ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் ஓடுகிற பழைய ஜீப், வேன், அம்பாசடர் எதுவானாலும் ஒரு புகார் பொதுவாக வரும்: "லைட்டப் போட்டு ஏசியையும் போட்டா லைட்டு மங்குது, டைனமோ பத்தல." ஆல்டர்நேட்டருக்கும் நம்ம பக்கம் டைனமோ என்றுதான் பேர். உடனே 90 ஆம்ப், 120 ஆம்ப் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கடற்கரை வண்டிகளில் பெரும்பாலும் குறை ஆல்டர்நேட்டரில் இல்லை. அது தயாரிக்கிற கரண்ட் பேட்டரிக்குப் போய்ச் சேருகிற வழியில்தான் இருக்கிறது. அந்த வழியைச் சரி செய்யாமல் பெரிய ஆல்டர்நேட்டரைப் பூட்டினால் அரித்துப் போன ஜாயிண்ட் வழியாக இன்னும் அதிகக் கரண்ட் ஓடும். ஜாயிண்ட் சூடேறி ஸ்லீவ் (ஒயரின் மேலுறை) உருகும்.

அதனால் முதல் வேலை மல்டிமீட்டரோடு. இன்ஜினை ஓடவிட்டு 2000 ஆர்பிஎம் அளவில் பிடித்துக்கொண்டு ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரை டிசி 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் (கரண்ட் வெளியே வருகிற முனை) மறுமுனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் வையுங்கள். கிளாம்ப்பில் வைக்கக் கூடாது, ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் அந்த வழியில் எங்கோ அரிப்பு இருக்கிறது. அடுத்து ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். இங்கேயும் 0.2-க்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டாவது அளவைப் பல மெக்கானிக்குகள் எடுப்பதே இல்லை, ஆனால் நம்ம கடற்கரையில் வண்டி மாட்டிக்கொள்வது அங்கேதான். இரண்டு அளவும் சரியாக இருந்து, பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஆல்டர்நேட்டர் பத்தவில்லை, அல்லது பழுது என்று அர்த்தம். பெல்ட் வழுக்கவில்லை, கார்பன் (பிரஷ்) தேயவில்லை என்பதையும் அதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன், மண்டபக் காற்று செம்பை என்ன செய்யும் என்பது தெரியாத ரகசியமில்லை. உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) தேர்ந்தெடுத்த இடமே மண்டபம்தான். பழைய சார்ஜிங் ஒயரின் லக்கை (போல்ட்டில் மாட்டுகிற முனை வளையம்) வெட்டிவிட்டு ஸ்லீவை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு நிறத்துக்குப் பதில் கறுப்பாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும், லக்குக்குப் பக்கத்தில் பச்சை. இன்னும் இரண்டு அங்குலம் உரித்தாலும் கறுப்புதான். திரி எண்ணெயை இழுப்பது போல இழைகளுக்கு நடுவே உப்பு ஈரம் ஏறிக்கொண்டே போகும். வெளியே ஸ்லீவ் புத்தம் புதுசாகத் தெரியும். இந்த ஒயரில் புது லக் போட்டுப் பயனில்லை, ஈயமும் ஒட்டாது. முழு நீளத்தையும் மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பெரிய ஆல்டர்நேட்டர் வேண்டுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 9 ஆம்ப் சுமார். பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்குகள் 3. பிரேக் லைட் 3. வைப்பர் 5. ஏசி ப்ளோயர் முழு வேகத்தில் 15 வரை, கம்ப்ரசர் கிளட்ச் 4, கண்டென்சர் ஃபேன் 10. பாட்டு, செல்போன் சார்ஜர் சேர்த்து 5. இன்ஜின் ஓடுவதற்கு உண்டானது வண்டியைப் பொறுத்து 3 முதல் 8. ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி போகிற வண்டிக்கு எல்லாம் சேர்த்து 60 ஆம்ப் சுமார் வரும். பேட்டரி சார்ஜ் ஏற 10 வைத்தால் 70. ஆக 75 அல்லது 90 ஆம்ப் தாராளம். ஐஸ் பெட்டிக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ தனி லோடு இல்லாத வண்டிக்கு 120 ஆம்ப் வாங்குவது வீண். 100/90 வாட் ஹெட்லைட் பல்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ரிஃப்ளெக்டரைக் கருக்கும், பாம்பன் பாலத்தில் எதிரே வருகிறவன் கண்ணைக் கெடுக்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு, பக்கத்துக்கு 15 ஆம்ப் ஃபியூஸும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரும் கொடுத்தாலே சாதாரண பல்பு அடையாளம் தெரியாத அளவுக்குப் பிரகாசமாகிவிடும்.

ஆல்டர்நேட்டர் பிளேட்டில் 90 ஆம்ப் என்று இருந்தால் அது ஆல்டர்நேட்டர் 6000 சுற்றில் சுற்றும்போது தருவது. ஐடிலிங்கில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். கிராங்க் புல்லி 140 மில்லிமீட்டர், ஆல்டர்நேட்டர் புல்லி 65 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2.15. இன்ஜின் 800-ல் ஆல்டர்நேட்டர் 1720-தான் சுற்றும். ராமேஸ்வரம் ரத வீதியில் அமாவாசைக் கூட்டத்தில் ஏசி போட்டுக்கொண்டு நின்றால் மீட்டர் 12.8-க்கு இறங்குவது இதனால்தான், பழுதில்லை. சின்ன புல்லி போட்டால் ஐடிலிங்கில் கொஞ்சம் கூடும். ஆனால் பெல்ட் சுற்றிப் பிடிக்கிற இடம் குறைந்து வழுக்கும். அதனால் வாங்கும்போதே ஐடிலிங் வேகத்தில் எவ்வளவு தரும் என்று கேட்டு வாங்குங்கள். காயில் கட்டுகிற கடையில் பெஞ்சில் வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். 65 ஆம்ப் ஆல்டர்நேட்டரில் தடித்த கம்பி கட்டி 90 ஆக்கித் தருகிறேன் என்கிற பேச்சுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டயோடு பிளேட்டும் ஃபேனும் பழசாகவே இருக்கும், டயோடுதான் முதலில் போகும்.

டீசல் வண்டிக்காரர்கள் இதை நிறுத்திப் படிக்க வேண்டும். பல டீசல் ஜீப், வேன்களில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் பம்ப் ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்தில்தான் பூட்டியிருக்கும். ஆம்ப் மட்டும் பார்த்துப் பம்ப் இல்லாத ஆல்டர்நேட்டரை மாற்றிவிட்டால் சார்ஜ் அருமையாக ஏறும், பிரேக் கல்லாகிவிடும். பம்ப் இருக்கிற மாடல்தான் வேண்டும், அல்லது பழைய பம்ப் புது ஆல்டர்நேட்டரின் ஷாஃப்ட் பல்லுக்குப் பொருந்த வேண்டும். ஆயில் வருகிற பைப்பின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஆயில் சம்ப்புக்குத் திரும்புகிற ஹோஸ் மடங்கினால் ஆயில் ஆல்டர்நேட்டருக்குள் இறங்கி கார்பனை நனைத்துவிடும். பூட்டுவதற்கு முன் பம்ப்புக்குள் இரண்டு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விடுங்கள். பிறகு சோதனை: இன்ஜினை நிறுத்தி பிரேக் பெடலை ஐந்தாறு தடவை அழுத்திக் கெட்டியாக்கி, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காத வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது.

பூட்டும் வேலையில் தகராறு வருவது காது (போல்ட் நுழைகிற துளையுள்ள பகுதி) இடைவெளியில். பிராக்கெட்டுக்கும் ஆல்டர்நேட்டர் காதுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். போல்ட்டை முறுக்கினால் மூடிக்கொள்ளும் என்று முறுக்குவார்கள், மூடவும் செய்யும். ஆயிரம் கிலோமீட்டரில் அலுமினியக் காது ஒடிந்துவிடும். இடைவெளிக்குச் சரியான ஷிம் (மெல்லிய வாஷர்) போட்டு நிரப்ப வேண்டும். புல்லிகள் ஒரே நேரில் இருக்கிறதா என்று கிராங்க் புல்லி முகத்தில் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட் ஓரம் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டும். வி பெல்ட் வண்டிக்கு வி புல்லி, பல வரி பெல்ட்டுக்கு அதற்குரிய புல்லி. வெளி ஃபேன் உள்ள மாடலில் ஃபேன் இதழ்களின் சாய்வு உங்கள் இன்ஜின் சுற்றுகிற திசைக்குப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஆகும், ஆனால் குளிர்காற்று சரியாகப் போகாமல் காயில் கருகும்.

90 ஆம்ப் தரும்போது ஆல்டர்நேட்டர் இன்ஜினிலிருந்து சுமார் 3 குதிரைத்திறன் இழுக்கும். ஒற்றை வி பெல்ட்டுக்கு அது கிட்டத்தட்ட எல்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பக்கத்தைப் பெருவிரலால் நன்றாக அழுத்தினால் 10 முதல் 13 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் போகும். புது பெல்ட் இளகும். 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்து இறுக்க வேண்டும்.

இனி ஒயர். பழைய வண்டியில் வந்த சார்ஜிங் ஒயர் 4 ஸ்கொயரோ 6 ஸ்கொயரோ இருக்கும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள 4 ஸ்கொயர் செம்பு ஒயரில் 90 ஆம்ப் போனால் 0.6 வோல்ட் தொலையும். அதாவது ஐம்பது வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒயருக்குள்ளேயே. 10 ஸ்கொயரில் 0.23 வோல்ட், 25 ஸ்கொயரில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. 75 ஆம்ப்புக்கு 16 ஸ்கொயர் போதும், 90-க்கு 25 போடுங்கள். படகு ஒயரிங்குக்கு விற்கிற வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் கிடைத்தால் அதுதான் இந்த ஊருக்கு ஏற்றது. கிடைக்காவிட்டால் நல்ல செம்பு வெல்டிங் கேபிள். வீட்டு ஒயரிங் கேபிள் வேண்டாம், இழைகள் தடிப்பாக இருப்பதால் இன்ஜின் அதிர்வில் ஒடியும். விலை குறைவாக இருக்கிற வெல்டிங் கேபிளில் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், இந்தக் காற்றில் அது சீக்கிரமே மாவாகிவிடும்.

லக் கனமான செம்பில் வெள்ளீயம் பூசியதாக, கேபிள் அளவுக்கும் போல்ட் அளவுக்கும் சரியாக இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக் மேலே இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே காற்று இருக்கும், அதில் உப்பு குடியேறும். ஊரில் கரண்ட் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்கிறவர்களிடம் ஹைட்ராலிக் கிரிம்பிங் மெஷின் இருக்கும். நாலு லக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. அறுகோணமாக அழுத்திய பிறகு, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை லக்கின் கழுத்திலிருந்து கேபிள் மேல் இரண்டு அங்குலம் வரை போட்டுச் சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். உப்பு ஏறுகிற வாசல் அதுதான், அதை அடைப்பதுதான் இந்த ஊர் ஒயரிங்கின் பாதி வேலை.

ஃபியூஸ் பேட்டரி பக்கம் வேண்டும், பிளஸ் கம்பத்திலிருந்து ஒரு சாணுக்குள். ஆல்டர்நேட்டரிலிருந்துதானே கரண்ட் வருகிறது, அங்கே போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஆல்டர்நேட்டர் தன் 90-க்கு மேல் பெரிதாகத் தராது. பேட்டரி, ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்ப்பைக் கக்கும். கேபிள் உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்க வைப்பது பேட்டரிதான். 75 ஆம்ப் ஆல்டர்நேட்டருக்கு 100, 90-க்கு 125 ஆம்ப் போல்ட் வைத்துப் பூட்டுகிற ஃபியூஸ். 80 ஆம்ப் போட்டால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்க வேண்டாம். லோடு நேரத்தில் ஃபியூஸ் போய், ஓடிக்கொண்டிருக்கிற ஆல்டர்நேட்டர் திடீரென்று பேட்டரியை இழந்தால் வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டர், டயோடு, பாட்டுப்பெட்டி எல்லாம் ஒன்றாகப் போகும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'சார்ஜ் டெஸ்ட்' செய்கிற பழைய வழக்கமும் இதனால்தான் ஆபத்து.

பழைய சார்ஜிங் ஒயரை என்ன செய்வது? அதுவும் இருக்கட்டும், கூட ஒன்றாகப் பெரிய கேபிளை இழுத்துவிடலாம் என்பது பலர் செய்வது. பெரிய கேபிளின் ஃபியூஸ் ஒரு நாள் போனால் 90 ஆம்ப்பும் ஃபியூஸே இல்லாத அந்த 4 ஸ்கொயர் ஒயரில் பாயும். டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும். பழைய ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி, முனையை மூடிக் கட்டிவிடுங்கள். அதிலிருந்து வேறு லோடுக்கு ஒயர் பிரிந்திருந்தால், அந்தப் பிரிவை பேட்டரி பக்கத்திலிருந்து ஒயரின் அளவுக்கேற்ற தனி ஃபியூஸோடு கொடுங்கள்.

அம்மீட்டர் உள்ள பழைய ஜீப்புகளில் இதே ஆபத்துதான், இன்னும் கிட்டத்தில். முழுச் சார்ஜும் டேஷ்போர்டுக்கு வந்து, 30 ஆம்ப் வரை எண் போட்ட மீட்டருக்குள் நுழைந்து திரும்பும். அம்மீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒரே போல்ட்டில் சேர்த்து இன்சுலேட் செய்துவிட்டு, அந்த இடத்தில் வோல்ட் மீட்டர் போடுங்கள். அதற்கு இக்னிஷன் சுவிட்சிலிருந்து 1 ஆம்ப் ஃபியூஸோடு மெல்லிய ஒயர் போதும்.

உண்மையான டைனமோ, அதாவது பழைய டிசி ஜெனரேட்டர், இன்னும் இருக்கிற வண்டிகள் தனி. லூகாஸ் சி40 டைனமோ 22 ஆம்ப்தான் தரும், அதனால் எந்த ஆல்டர்நேட்டர் போட்டாலும் முன்னேற்றம்தான். முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிளஸ் எர்த் வண்டியில் அப்படியே ஆல்டர்நேட்டரைக் கொடுத்தால் டயோடு அந்த நிமிஷமே போய்விடும். மைனஸ் எர்த்தாக மாற்றிய பிறகுதான் மற்றது. கட்அவுட் பெட்டியில் (டைனமோவின் பழைய ரெகுலேட்டர்) ஏ, ஏ1 என்ற இரண்டு இடத்து ஒயர்களையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். டி-யில் தடித்த ஒயரும் மெல்லிய ஒயரும் இருக்கும். தடித்தது இனி வேண்டாம். மெல்லியது வார்னிங் பல்புக்குப் போவது, அது ஆல்டர்நேட்டரின் டி பிளஸ் அல்லது எல் முனைக்கு. எஃப் ஒயர் தேவையில்லை. கட்அவுட்டைக் கழற்றிவிடுங்கள், ஜங்ஷன் பெட்டியாக விட்டுவைத்தால் அதுவும் ஒரு துரு இடம்.

அந்த வார்னிங் பல்பு வெறும் அடையாள விளக்கு இல்லை. சாவி போட்டதும் அதன் வழியாகப் போகிற கால் ஆம்ப் கரண்ட்டில்தான் ரோட்டார் (உள்ளே சுழலும் காயில்) காந்தமாகிறது. 3 வாட் பல்பு இருக்க வேண்டும். அழகுக்காக எல்இடி போட்டால், இன்ஜினை உறுமவிடும் வரை சார்ஜ் தொடங்காது. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்குப் பக்கவாட்டில் 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். எஸ் என்ற முனை இருந்தால் 5 ஆம்ப் ஃபியூஸோடு பேட்டரி பிளஸ்ஸுக்கு நேராக. டபிள்யூ என்பது டீசல் வண்டியின் ஆர்பிஎம் மீட்டருக்கு, இல்லாவிட்டால் சும்மா விடலாம்.

எர்த்தைக் கடைசியில் எழுதினாலும் வேலையில் அதை முதலில் செய்யுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குக் குறைந்தது 25 ஸ்கொயர், இன்ஜினிலிருந்து பாடிக்கு 16. வண்டியோடு வந்த பின்னல் எர்த் பட்டை உறையில்லாத செம்பு. இங்கே அது பச்சைபிடித்துத் தொட்டாலே உதிரும். அதற்குப் பதில் உறையுள்ள கேபிள். இன்ஜின் எர்த் அறுந்த வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி இறுகினால் அங்கே சந்தேகப்படுங்கள். எர்த் போல்ட் வரும் இடத்தில் பெயிண்ட்டையும் துருவையும் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, லக்கை வைத்து, ஸ்டார் வாஷரோடு முறுக்கி, அதன் பிறகு மேலே பெயிண்ட்டோ வாசலினோ பூசுங்கள். பூசிவிட்டு முறுக்கக் கூடாது. பி பிளஸ் போல்ட்டிலும் லக் செம்பு முகத்தோடு நேராக உட்கார வேண்டும். வாஷர் லக்குக்கு மேலேதான், கீழே போட்டால் முழுக் கரண்ட்டும் துருப்பிடிக்கிற இரும்பு வழியாகப் போகும். மேலே ரப்பர் தொப்பி. கேபிளை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, ஒரு சாணுக்கு ஒரு கிளிப் போட்டு, தகர ஓட்டைகளில் குரோமெட் (ரப்பர் வளையம்) வைத்து, இன்ஜின் ஆட்டத்துக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கொண்டுபோங்கள்.

எல்லா வேலையும் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான். மாட்டும்போது அது கடைசி. செத்த பேட்டரியை வைத்துப் புது ஆல்டர்நேட்டரை ஓட்டாதீர்கள். ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டுவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் முதல் ஒரு மணி நேரம் ஆல்டர்நேட்டர் மூச்சுவிடாமல் முழு கரண்ட் தந்து சூட்டில் வேகும். ஸ்டார்ட் செய்ததும் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட். 14.8 தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பேட்டரி தண்ணீர் கொதிக்கும். முதலில் எடுத்த இரண்டு டிராப் (வோல்ட் இழப்பு) அளவுகளையும் முழு லோடில் மறுபடி எடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட் (மாறுமின்) ரேஞ்சுக்கு மாற்றி பேட்டரியில் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 0.5 காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. இருபது நிமிஷம் ஓடிய பிறகு இன்ஜினை நிறுத்தி ஒவ்வொரு லக்கையும் விரலால் தொடுங்கள். கேபிளைவிட லக் சூடாக இருந்தால் அந்தக் கிரிம்ப் சரியில்லை, வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

அரிச்சல்முனை வரை போய்வருகிற வண்டிக்கு, மணலும் உப்புத் தெறிப்பும் ஆல்டர்நேட்டரின் காற்றுத் துளைகளுக்குள் போகும். இன்ஜின் ஆறியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், ஆல்டர்நேட்டர் மீது நேராகப் பீய்ச்ச வேண்டாம். பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடலாம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, முக்கியமாக ஐப்பசி மழைக்கு முன்னால், அந்த இரண்டு டிராப் அளவுகளை எடுத்து பானெட்டுக்கு உள்பக்கம் மார்க்கரில் தேதியோடு எழுதிவையுங்கள். இரண்டாவது, எர்த் பக்கத்து அளவு 0.12 இருந்தது 0.25 ஆகியிருந்தால் முதலில் கழற்ற வேண்டியது இன்ஜின் எர்த் போல்ட்.